சரோஜாம்மாவின் வழுக்காத காலுறை

போன மாதம் கவிதா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் வேலை பார்த்த ஜொகூர் பாரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இப்போது இருக்கும் பெண். இணையக் கடை ஒன்றின் பக்கத்தை அப்படியே படம் பிடித்திருந்தாள். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறைகள் வரிசை வரிசையாக இருந்தன. பூப்போட்டது, விரல் திறந்தது, யோகாவுக்கு, பிலாட்டீஸுக்கு, கர்ப்பிணிகளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கீழே ஒரு கேள்வி: "சார், எத வாங்கறதுன்னு பேஷண்டுங்க கேக்கறாங்க. எது பெஸ்ட் லா?"

குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு பதிவு போதவில்லை. இன்னொன்று போட்டேன், அதற்கு மேலும் ஒன்று. கடைசியில் அவளே, "சார், இத எழுதிக் குடுத்துருங்களேன், இங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். ஓய்வு பெற்றவனை எழுதச் சொன்னால் லேசில் விடமாட்டான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

இந்தக் காலுறை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைக்கப் போவதில்லை. பேத்தியைக் குதித்து விளையாடும் இடத்துக்குக் கூட்டிப் போனபோது, அங்கே விற்ற காலுறையைத் திருப்பி, புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளரைக் கூப்பிடலாமா என்று கல்லாவில் இருந்த பெண் யோசித்தது அவள் முகத்தில் தெரிந்தது. பேத்தி என் சட்டையை இழுத்து, "தாத்தா, மானத்த வாங்காதீங்க" என்றாள். அந்தக் காலுறை நன்றாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன்.

நான் படித்தது கோலாலம்பூரில். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், விடுதிச் சாப்பாட்டைத் திட்டினேன், தேறினேன். சொல்லத்தக்க படிப்பு அதற்குப் பிறகு வந்தது. முதல் வேலை சிகாமட்டில் கிடைத்தது.

அந்தக் காலத்தில் வழுக்காத காலுறை கடையில் கிடைக்காது. பிளாஸ்திரியைப் பட்டை பட்டையாக வெட்டிச் சாதாரணக் காலுறையின் அடியில் ஒட்டுவோம். சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர்ப் பால்மரம் சீவும் வேலை பார்த்தவர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்திருந்தார். நடக்க ஆரம்பித்துவிட்டார், ஆனால் இடது பாதத்தைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி பெருமையாக ஒரு ஜோடி காலுறையை எடுத்து நீட்டினார். தோட்டத்துப் பாலைக் காலுறையின் அடியில் தடவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் தடவியிருந்தார்.

"பிளாஸ்திரி எல்லாம் என்னா தம்பி, ரெண்டு நாள்ல பிஞ்சி போவுது. இது வழுக்கவே வழுக்காது. நானே செஞ்சது."

கணவருக்குப் போட்டுவிட்டு நடக்கச் சொன்னார். அவர் எழுந்தார், வலது காலை வைத்தார், இடது காலை இழுத்தார். பாதம் சிமெண்டுத் தரையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னால் போனது. நான் பக்கத்திலேயே நின்றதால் இடுப்பைப் பிடித்துவிட்டேன்.

"வழுக்கலதாம்மா, ஆனா நகரவும் மாட்டேங்குதே" என்றேன். பயத்தில் முகம் வெளுத்திருந்த அந்த அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் கணவருக்கு முதலில் வேண்டியது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையும், காலை மடக்கித் தூக்கி வைக்கும் பயிற்சியும். பிடிப்பு அதற்குப் பிறகுதான். காலைத் தரையோடு தேய்த்து நடப்பவர்களுக்குக் கனத்த பிடிப்புள்ள காலுறையை யோசிக்காமல் கொடுத்துவிடாதே கவிதா. அது அவர்களைத் தலைகுப்புறத் தள்ளும்.

சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மாறி வந்தபோது புவான் ரொஹானி, அதாவது ரொஹானி மேடம், எனக்கு மேலதிகாரி. குரல் உயர்த்தாத மனுஷி. "தப்பு" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு சொல்தான் உண்டு: துன்ஜுக். மலாயில் காட்டு என்று அர்த்தம். நோயாளி நன்றாக நடக்கிறார் என்று நான் சொன்னால் துன்ஜுக். வலி குறைந்துவிட்டது என்று நோயாளி சொன்னால் அவருக்கும் துன்ஜுக். வாயால் சொன்ன எதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். என்ன, நம்மைப் பொய் சொல்கிறவன் என்று நினைக்கிறாரா என்று மனசுக்குள் கறுவிக்கொள்வேன்.

ரப்பர் புள்ளிக் காலுறைகள் சந்தைக்கு வந்த காலத்தில் விற்பனைக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்கள். புவான் ரொஹானி அட்டையில் அச்சடித்திருப்பதைப் படிக்கவே மாட்டார். காலுறையைத் திருப்பி, ஒரு புள்ளியை நகத்தால் அழுத்திச் சுரண்டுவார். உதிர்ந்தால் அந்தப் பெட்டி அப்படியே திரும்பிப் போகும். பிறகு முஷ்டியில் மாட்டி இழுப்பார். துணி விரியும்போது புள்ளி வெடிக்கக் கூடாது. குதிகாலுக்கு அடியிலும், கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்திலும் புள்ளி நெருக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாரம் அங்கேதான் இறங்குகிறது. நடுப்பாதத்தில் மட்டும் அழகாகப் பூப்போல வைத்திருந்தால் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுவார். அப்புறம் உள்பக்கத்தை வெளியே புரட்டி, தடித்த தையலோ தொங்கும் நூலோ இருக்கிறதா என்று விரலால் தடவுவார். சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறைவு, ஒரு நூல் அறுத்துப் புண்ணாக்கினாலும் தெரியாது. மேல்விளிம்பு வீங்கிய கணுக்காலில் தடம் பதிக்கக் கூடாது. அளவு சரியாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் காலுறை சுழன்று, புள்ளியெல்லாம் பக்கவாட்டுக்கு வந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு விற்பனைக்காரரையே காலணியைக் கழற்றி அதை மாட்டிக்கொண்டு நடக்கச் சொல்வார். டை கட்டிய ஆள் ஒருவர் எங்கள் பயிற்சிக் கூடத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்ததை நான் இன்றும் நினைத்துச் சிரிக்கிறேன்.

பயன்படுத்துவதிலும் புவான் ரொஹானி கறார். காலை நன்றாகத் துடைத்து, விரலிடுக்கு காய்ந்த பிறகு, உட்கார்ந்துதான் மாட்ட வேண்டும். உள்ளே எண்ணெயோ பவுடரோ கூடாது. போட்டால், காலுறை தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், கால் காலுறைக்குள் வழுக்கும். துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசக் கூடாது, அது புள்ளிகள் மேல் படிந்துவிடும். ஈரத் தரையில் எந்தக் காலுறையையும் நம்பக் கூடாது. புள்ளி தேய்ந்து வழவழப்பானால் பிரியாவிடை கொடுத்துவிட வேண்டும். கவிதா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதோடு முடிந்துவிட்டது. ஆனால் இது தெரிந்தால் மட்டும் போதாது என்பதை எனக்குக் காட்டியவர் சரோஜாம்மா.

சரோஜாம்மா பெர்மாஸ் ஜெயாவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு ஒன்றில் தனியாக இருந்தார். மின்னணு ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் குமரனுக்கு சிங்கப்பூரில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். சரோஜாம்மா வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து எங்களிடம் வந்தார். நல்ல உழைப்பாளி. சொன்ன பயிற்சியை முகம் சுளிக்காமல் செய்வார். காலைத் தொட்டுப் பார்க்க நான் குனிந்தால் மட்டும் பதறிப்போய், "ஐயோ, கால எல்லாம் தொடாதீங்க தம்பி" என்று இழுத்துக்கொள்வார். நான் தேர்ந்தெடுத்த காலுறையை அவரே உட்கார்ந்து மாட்டக் கற்றுக்கொண்டார். கைத்தடியோடு வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்குப் போனவர் மறுபடியும் விழுந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. சில வாரங்கள் கழித்து இன்னொரு தடவை விழுந்தார். இரண்டு முறையும் பக்கத்து வீட்டுக்காரர்தான் குமரனுக்கு அழைத்துச் சொன்னார். இரண்டாவது தடவை அவன் வேலையைப் போட்டுவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, நேராக மருத்துவமனைக்கே வந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சார், கூலாய் பக்கம் ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிட்டேன். நல்ல எடம். தீபாவளி முடிஞ்சதும் சேத்துரலாம்னு இருக்கேன். அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. தனியா இருக்க முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, தூக்கம் இல்லாத முகம். போன் அடித்தாலே பயமாக இருக்கிறது என்றான். அம்மாவை ஒதுக்கித்தள்ளப் பார்க்கும் பிள்ளை அப்படிப் பேசமாட்டான். ஆனால் சரோஜாம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "நானும் அவங்கப்பாவும் காசு கட்டி வாங்குன வீடு தம்பி. என்னைய அங்கேருந்து மட்டும் எடுத்துராதீங்க." நான் சொல்லப் போகும் ஒரு வார்த்தையில் ஒரு மனுஷியின் வீடு இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தீபாவளிவரை அவகாசம் கேட்டேன், குமரன் அரைமனதாகத் தலையாட்டினான்.

காலுறையைத் தினமும் போடுகிறாரா என்று சரோஜாம்மாவிடம் கேட்டேன். "தெனமும் போடறேன் தம்பி, சாமி சத்தியமா" என்றார். அவர் கொண்டுவந்த ஜோடியைப் பார்த்தேன். போட்டிருக்கிறார், சந்தேகமே இல்லை. சொல்லப்போனால் அதிகமாகவே போட்டிருக்கிறார். கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் குதிகால் புள்ளிகள் பாதி தேய்ந்து, இழைகளுக்குள் மணல் ஏறியிருந்தது. வீட்டுக்குள் நடப்பவர் காலுறையில் மணல் எப்படி வரும் என்று எனக்குப் பிடிபடவில்லை. புவான் ரொஹானியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த அம்மா வீட்டில் எப்படி நடக்கிறார், உனக்குக் காட்டினாரா?"

மறுநாள் காலையில் இருவரும் பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனோம். சரோஜாம்மா வாசல் பக்கத்துப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காலில் நான் கொடுத்த காலுறை, அதற்கு மேலே செருப்பு எதுவும் இல்லை. சிமெண்டுத் தரையில் கைத்தடியோடு அழகாக நடந்து வந்து எங்களுக்கு இரும்புக் கதவைத் திறந்தார். பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு நடை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒரு காலை மெல்லத் தூக்கினார். காலுறையைக் கழற்றினார், அடுத்ததையும் கழற்றினார். இரண்டையும் ஒன்றாக மடித்து, செருப்பு அலமாரியில், செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் ஏறி, "உள்ள வாங்க" என்றார்.

புவான் ரொஹானியும் அப்போது குனிந்து தன் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அம்மா, என்னம்மா இது" என்றேன்.

"எது தம்பி?"

"சாக்ஸ வெளியில கழட்டி வச்சிட்டீங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பின்ன? கால்ல போடறத போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள வருவாங்களா? சாமி மேடை நேரா இருக்கு பாருங்க."

கூடத்தில், வாசலுக்கு நேரெதிரே, சுவரோரமாகச் சாமி மேடை இருந்தது. நடந்தால் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன், அவர் நடக்கப் போகும்போதெல்லாம் போட்டார். வெளியே போட்டார், வீட்டுக்குள் கழற்றினார். எங்கள் வீட்டில் என் அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். எப்போது விழுந்தார் என்று இப்போது விவரமாகக் கேட்டோம். இரண்டு தடவையும் காலையில் குளித்துவிட்டு, விளக்கேற்றப் போகும்போது. ஈரப் பாதம், தலைத் துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர், பளபளக்கும் டைல்ஸ், வெறுங்கால். வெளியே பத்திரமாக நடந்தவர் உள்ளே வந்து விழுந்தார்.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நிம்மதி. காரணம் தெரிந்த வீழ்ச்சியை நிறுத்தலாம். அந்த நிமிஷமே, இந்த அம்மா ஹோமுக்குப் போகமாட்டார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

ஆனால் சரோஜாம்மா அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. புவான் ரொஹானி மலாயில் மெதுவாகச் சொன்னார், "நான் தொழும்போது காலுறை போட்டுக்கொள்வேன் அம்மா. அதற்கென்றே சுத்தமாக ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்."

"அது உங்க மொற புவான்" என்றார் சரோஜாம்மா, அவரும் மலாயில், மரியாதை குறையாமல். "எங்க சாமிக்கு வெறுங்காலு."

புவான் ரொஹானி சரி என்று தலையசைத்தார். வாதாடவில்லை. நான்தான் விடவில்லை. அவருக்கு ஆலை வேலையில் நிறைய பெருமை உண்டு என்று எனக்குத் தெரியும், பயிற்சி செய்யும்போதெல்லாம் அந்தக் கதைதான் பேசுவார்.

"அம்மா, ஃபேக்டரில தூசியே படக் கூடாத கிளீன் ரூம்ல வேல செஞ்சீங்களே, அங்க வெறுங்கால்லயா போவீங்க?"

"அதெப்புடி? அங்கன்னே ஒரு சப்பாத்து குடுப்பாங்க. அதப் போட்டுக்கிட்டு வெளிய ஒரு அடி வைக்க முடியாது. சூப்பர்வைசர் கொன்னுருவா."

"அது அழுக்கா?"

"அழுக்கா? அது என் மொகத்த விட சுத்தம்."

செருப்பு அலமாரியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். "அப்ப வீட்டுக்குன்னு புதுசா ஒண்ணு வேணும். இது வெளியில போனது, இது உள்ள வராது" என்றார். "ஆனா மேடைக்கிட்ட கழட்டத்தான் செய்வேன். அதுல பேச்சே இல்ல."

அது அவருடைய எல்லை. அதற்குள் வேலை செய்வது எங்கள் வேலை. குளியலறை வாசலில் ஒரு நாற்காலி, காலைத் துடைக்க ஒரு துண்டு. அங்கேயே உட்கார்ந்து விரலிடுக்குவரை துடைத்து, வீட்டுக் காலுறையை மாட்டி எழ வேண்டும். கூடத்தைக் கடந்து மேடைக்கு முன்னால் வந்தால், கையூன்றி எழ வசதியாகக் கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து காலுறையைக் கழற்ற வேண்டும். காலடியில் நழுவாத தடித்த ரப்பர் விரிப்பு, சுவரில் ஒரு கம்பி. வெறுங்கால் விரிப்பின் மேல், ஒரு கை கம்பியின் மேல், இன்னொரு கை விளக்குக்கு. முடிந்ததும் உட்கார்ந்து, மறுபடி மாட்டி, எழ வேண்டும்.

"ஒரு வெளக்கு ஏத்த இவ்ளோ வேலையா தம்பி?"

"ஆமாம்மா."

"சரி. சாமிக்குத் தெரியட்டும், எவ்ளோ கஷ்டப்பட்டு ஏத்தறேன்னு."

அடுத்த வாரங்களில் அவரை நான் நன்றாக வாட்டி எடுத்தேன். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, பக்கவாட்டில் நடப்பது, எல்லாம் வீட்டுக் காலுறையோடு. தப்பித்தவறி விழுந்தால் பதறி எழக் கூடாது, எங்கே வலிக்கிறது என்று முதலில் பார்த்து, உருண்டு, முட்டிபோட்டு, யார் கையையும் இழுக்காமல் நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும் என்பதையும் மெத்தை போட்டுப் பழக்கினேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஒரு தடவைகூட விழவில்லை.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை காலையில் குமரன் வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவன் சொல்லச் சொன்ன வார்த்தையை நான் சொல்லப் போவதில்லை என்று முன்பே அவனிடம் சொல்லிவிட்டேன், வந்து பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். காலணியை வெளியே விட்டுவிட்டு, ஆபீஸ் காலுறையோடு வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். முகத்தில் நம்பிக்கை இல்லை.

சரோஜாம்மா குளித்துவிட்டு வந்தார். குளியலறை வாசலில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் காலைத் துடைத்தார். வீட்டுக் காலுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார். மகன் இருப்பதையே கவனிக்காதவர்போலக் கூடத்தைக் கடந்தார். உட்கார்ந்து கழற்றினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து விளக்கை ஏற்றினார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டார். நான் பயிற்சி கொடுத்த எத்தனையோ பேரில், அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

குமரன் எழுந்தான். கண் கலங்கியிருந்தது. "அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேகமாக அவரைப் பார்த்து வந்தான். காலையில் துடைத்த டைல்ஸ், காலில் வழவழப்பான ஆபீஸ் காலுறை. இரண்டு காலும் ஒரே நேரத்தில் முன்னால் போக, அம்மாவின் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

நான் ஓடப் பார்த்தேன். சரோஜாம்மா நாற்காலியிலிருந்தே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பதறாத. அப்புடியே இரு" என்றார் மகனிடம். "மொதல்ல எங்க வலிக்குதுன்னு பாரு. இடுப்பு வலிக்குதா?"

"இல்லம்மா."

"நல்லவேள. என் வயசுல இப்புடி வுழுந்தா ஹோம்ல கொண்டு போயி வுட்டுருவாங்க."

குமரன் தரையில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தான், சிரிப்பு அழுகையாகப் போனது. அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவர் அவன் முடியைக் கோதிவிட்டார். "நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அவன் தலையை நிமிர்த்தாமலே ஆட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுவதற்காகக் கையை நீட்டினான். சரோஜாம்மா தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"கை குடுக்க மாட்டேன், தம்பி திட்டுவாரு. அந்த சாக்ஸக் கழட்டிப் போட்டுட்டு, நாக்காலியப் புடிச்சி நீயே எந்திரி."